சனிக்கிழமை ஆட்டத்தின் ஸ்கோரைக் கணிப்பது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கப் போனவர்களுக்கு செப்டம்பர் பிறந்ததுமே ஒன்று புரிந்துவிடும்: ஊர் முழுக்க சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறது. ஹெல்மெட் போட்டு ஆடும் அந்த ஃபுட்பாலின் விதிகளே பிடிபடாத நிலையில், லேபில் ஒரு தாள் சுற்றி வரும். யார் ஜெயிப்பார்கள், ஸ்கோர் என்ன என்று எழுதித் தர வேண்டும். பெரும்பாலானவர்கள் தங்கள் ஆசையை எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் வாராவாரம் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லும் ஒருவர் இருப்பார். அவர் அணிகளின் பெயரையும் புகழையும் ஓரமாக வைத்துவிட்டு, பந்து யார் கையில் எத்தனை தடவை வரும், வந்தால் எவ்வளவு தூரம் நகரும் என்று யோசிப்பவர். அந்த யோசனையைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே எழுதியிருப்பது.

உதாரணத்துக்கு ஓர் ஆட்டத்தை அடிக்கடி தொடுவேன். 2024 நவம்பர் 30, கொலம்பஸ் நகரம், ஒஹாயோ ஸ்டேட் எதிர் மிச்சிகன். ஒஹாயோ ஸ்டேட் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மிச்சிகன் அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி. முடிவு: மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10. கணிக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் சமீப ஆண்டுகளில் இல்லை.

படி 1: புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பந்தை எதிரணியின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, ஓடியோ வீசியோ மறுபடி உள்ளே போனால் 2. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. எதிரணியை அவர்களுடைய எண்ட் ஸோனிலேயே மடக்கினால் கிடைக்கும் சேஃப்டிக்கு 2. இந்த எண்களின் கூட்டலில்தான் ஸ்கோர் வரும் என்பதால் 17, 20, 24, 27, 31 போன்றவை அடிக்கடி வரும். 11, 18, 25 அபூர்வம். வெற்றி வித்தியாசத்திலும் 3 தான் அதிகம் வருவது, அடுத்தது 7. தாளில் 26-19 என்று எழுதுகிறவருக்கு ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை என்று பழைய ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சமநிலையில் முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். 1996 முதல் ஓவர்டைம் உண்டு. இரு அணிகளுக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து வாய்ப்பு தருவார்கள். இப்போதைய விதிப்படி மூன்றாவது ஓவர்டைமிலிருந்து இரண்டு புள்ளி முயற்சி மட்டும்தான். 2021இல் இல்லினாய், பென் ஸ்டேட்டை ஒன்பது ஓவர்டைமுக்குப் பிறகு 20-18 என்று வென்றது அப்படித்தான்.

படி 2: வெறும் தாளில் தொடங்காதீர்கள்

உங்கள் சொந்தக் கருத்தை உருவாக்குவதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களில் அது கிடைக்கும். ஒன்று, ஸ்ப்ரெட்: எந்த அணி எத்தனை புள்ளியில் ஜெயிக்கும் என்று பந்தயச் சந்தை போடும் எண். இன்னொன்று, கணினித் தரவரிசைகள். பில் கானெலி உருவாக்கிய எஸ்பி பிளஸ், விளையாட்டுத் தொலைக்காட்சி ஈஎஸ்பிஎன்னின் எஃப்பிஐ, ஜெஃப் சகாரினின் பட்டியல் ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றில் இரு அணிகளின் எண்களைக் கழித்து, சொந்த மைதானத்துக்கு இரண்டரை புள்ளி சேர்த்தால் எதிர்பார்க்கும் வித்தியாசம் வந்துவிடும்.

பந்தயம் கட்டச் சொல்லவில்லை. ஆடுகிறவர்கள் 18 முதல் 22, 23 வயது வரையுள்ள மாணவர்கள். பணம் தோற்றவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு மிரட்டல் செய்தி அனுப்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது, அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. ஸ்ப்ரெட்டை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாயிரம் பேருடைய கணிப்பு அதில் சேர்ந்திருக்கிறது.

ஸ்ப்ரெட்டோடு, இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளிக்கும் ஒரு எண் போடுவார்கள். இரண்டும் கையில் இருந்தால் ஸ்கோரே கிடைத்துவிடும். மொத்தம் 45, ஸ்ப்ரெட் 7 என்று வையுங்கள். 45உம் 7உம் கூட்டினால் 52, அதில் பாதி 26. மீதி 19. ஃபுட்பால் எண்களாக மாற்றினால் 27-20 அல்லது 24-17. உங்கள் கணிப்பு இங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்ப்ரெட்டை வாய்ப்பாகவும் படிக்கப் பழகுங்கள். 3 புள்ளி ஆதரவு உள்ள அணி பத்தில் ஆறு ஆட்டங்கள் அளவுக்கு ஜெயிக்கும். 7 என்றால் பத்தில் ஏழு. 14 என்றால் எட்டுக்கு மேல். 20 என்றால் ஒன்பதுக்கு மேல். அதாவது 20 புள்ளி ஆதரவோடு இறங்கும் அணியும் எப்போதாவது தோற்கத்தான் செய்யும். ஒரு சனிக்கிழமையில் அப்படிப் பல ஆட்டங்கள் நடக்கின்றன என்பதை நினைத்தால், வாரம் ஒரு அதிர்ச்சி வருவதில் ஆச்சரியமே இல்லை.

தரவரிசை என்றால் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி வாக்கெடுப்பைத்தான் பலர் பார்க்கிறார்கள். 1936 முதல் நடக்கும் பழைய மரபு அது, நானும் ஞாயிற்றுக்கிழமை ஆவலோடுதான் பார்ப்பேன். ஆனால் யார் எத்தனை ஆட்டம் தோற்றார்கள் என்பதற்கே அதில் எடை அதிகம். கணிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

படி 3: போன வருட நினைவை அழித்துவிடுங்கள்

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இப்போது ஓர் அணியில் பாதிப் பேர் ஒரே கோடையில் மாறிவிடலாம். இண்டியானா 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்து, தன் பழைய ஜேம்ஸ் மாடிசன் அணியிலிருந்து பலரை அழைத்து வந்தார். அடுத்த ஆண்டே 11 வெற்றி, 2 தோல்வி. எதிர்ப்பக்கமும் உண்டு. 2023இல் வழக்கமான பருவத்தையும் கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) இறுதியையும் தோல்வியே இல்லாமல் முடித்த ஃப்ளோரிடா ஸ்டேட், 2024இல் இரண்டே ஆட்டம் ஜெயித்தது.

ஆகவே பருவத்தின் முதல் மூன்று நான்கு வாரங்களில், திரும்பி வந்த தொடக்க வீரர்கள் எத்தனை பேர், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் புதியவரா, ஆட்டத் திட்டம் வகுக்கும் உதவிப் பயிற்சியாளர்கள் மாறினார்களா என்ற மூன்றையும் பாருங்கள். அக்டோபருக்குப் பிறகு இந்த ஆண்டின் ஆட்டங்களே போதும்.

படி 4: புள்ளிவிவரத்தைச் சலித்து எடுங்கள்

சராசரியாக 40 புள்ளி எடுக்கும் அணி என்று ஒருவர் சொன்னால், யாருக்கு எதிராக என்று கேளுங்கள். பெரிய அணிகள் செப்டம்பரில் ஒரு சிறிய பிரிவு அணியை அழைத்து 56-3 என்று அடிப்பது வழக்கம். அந்த ஆட்டத்தைக் கழித்துவிடுங்கள். முடிவு தெரிந்த பின் நான்காவது குவார்ட்டரில் மாற்று வீரர்கள் எடுத்த புள்ளிகளையும் பெரிதாக எடுக்காதீர்கள்.

கல்லூரிக் கணக்கில் இன்னொரு வினோதம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தோடு பின்னால் வீழ்த்தப்பட்டால் அந்த இழப்பு ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். தொழில்முறை என்எஃப்எல்லில் அது பாஸ் கணக்கில் போகும். அதனால் ஒரு கல்லூரி அணியின் ஓட்ட எண் மோசமாகத் தெரிந்தால், உண்மையில் ஓட முடியவில்லையா, அல்லது குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற முடியவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

நான் முதலில் பார்ப்பது வெற்றி விகிதம் என்னும் அளவை. டவுன் என்பது 10 யார்டு நகர ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று. முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுவதும் எடுத்தால் அந்த ஆட்ட நகர்வு வெற்றி என்று கணக்கு. ஓர் அணி தொடர்ந்து நகர்கிறதா, அல்லது இரண்டு நீண்ட ஓட்டங்களால் எண் ஊதிப்போயிருக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்ன்ஓவர் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கீழே விழுந்த பந்தை எடுப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஆறு வாரம் எல்லா ஃபம்பிளையும் பொறுக்கி எடுத்த அணி ஏழாவது வாரமும் எடுக்கும் என்று நம்ப முடியாது.

படி 5: இரு லைன்களையும் மோதவிட்டுப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். தொலைக்காட்சியில் கேமரா பந்தைத் துரத்தும். ஆட்டம் தீர்மானமாவது பந்துக்கு முன்னால் நிற்கும் ஐந்து ஆஃபென்சிவ் லைன் வீரர்களுக்கும், அவர்களை எதிர்த்து நிற்கும் நான்கு பேருக்கும் இடையில்.

கொலம்பஸ் ஆட்டத்துக்கு வருவோம். ஒஹாயோ ஸ்டேட்டிடம் வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் நாட்டிலேயே சிறந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் லைனின் இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஆரெகன் ஆட்டத்தில் காயம்பட்டுப் போயிருந்தார். லைனின் நடுவில் நிற்கும் சென்டர் சேத் மெக்லாக்லின் நவம்பரில் பயிற்சியின்போது குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். எதிரே மிச்சிகனின் நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். அடுத்த ஆண்டு என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கிரஹாம் 5ஆம் இடத்திலும், கிராண்ட் 13ஆம் இடத்திலும் போனார்கள். ஆறு வெற்றி ஐந்து தோல்வி என்ற கணக்குக்குள் இப்படி இருவர் ஒளிந்திருந்தார்கள்.

ஒஹாயோ ஸ்டேட் அன்று அந்த நடுப்பகுதியிலேயே திரும்பத் திரும்ப மோதியது. மொத்த ஓட்டமே 77 யார்டு. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி கூட இல்லை. மிச்சிகனின் குவார்ட்டர்பேக் வீசி எடுத்தது வெறும் 62 யார்டுதான். ஆனால் கலெல் மல்லிங்ஸ் 116 யார்டு ஓடினார். டாமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து ஒரு ஃபீல்ட் கோல் அடித்து, கடைசியில் 45 விநாடி மிச்சமிருக்கும்போது 21 யார்டிலிருந்து வெற்றிப் புள்ளியையும் உதைத்தார். ஒஹாயோ ஸ்டேட்டோ 38, 34 யார்டு உதைகள் இரண்டைத் தவறவிட்டது.

இதை முன்கூட்டியே பார்த்து மிச்சிகன் ஜெயிக்கும் என்று எழுதியிருக்க முடியுமா? நியாயமாக முடியாது. ஆனால் 20 புள்ளி வித்தியாசம் வராது, குறைந்த ஸ்கோர் ஆட்டம் இது என்று எழுதியிருக்க முடியும். 24-13 என்று எழுதிய ஒருவர் வெற்றியாளரைத் தவறாகச் சொல்லியிருந்தாலும், 38-10 என்று எழுதியவரைவிட ஆட்டத்தை நன்றாகப் படித்தவர்.

அதே ஒஹாயோ ஸ்டேட் மூன்று வாரம் கழித்து டென்னசியை 42-17 என்று நொறுக்கியது, பிறகு ஆரெகன், டெக்சாஸ், நாட்டர் டேம் என்று வரிசையாக வென்று தேசியப் பட்டத்தையே எடுத்தது. வீரர்கள் அதே ஆட்கள். தொடக்கத்திலிருந்தே பந்தை வீசி ஆடும் திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: எந்த அணியின் பலம் எதிரணியின் பலவீனத்தில் போய் விழுகிறது? அந்தப் பயிற்சியாளர் அதைப் பயன்படுத்துகிறவரா, தன் பிடிவாதத்தில் நிற்கிறவரா?

படி 6: யார் ஆடுகிறார்கள் என்று கடைசி நேரம் வரை பாருங்கள்

பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023 முதல் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, யார் ஆட மாட்டார்கள் என்று பட்டியல் வெளியிடுகிறது. இன்னொரு கான்ஃபரன்ஸான எஸ்இசி 2024 முதல், கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்குச் சில நாட்கள் முன்பிருந்தே வெளியிடுகிறது. தாளை முன்கூட்டியே கொடுக்க வேண்டுமென்றால், புதன்கிழமைப் பயிற்சிச் செய்திகளை அந்த ஊர்ப் பத்திரிகையாளர்களிடம் படியுங்கள்.

எடை போடும்போது, நல்ல குவார்ட்டர்பேக் இல்லையென்றால் ஐந்தாறு புள்ளி வரை, சில சமயம் அதற்கு மேலும் குறையுங்கள். மற்ற எந்தத் தனி வீரருக்கும் ஒரு புள்ளிக்கு மேல் கொடுப்பது கடினம். ஆனால் ஒரே பிரிவில் இரண்டு பேர் இல்லையென்றால், உதாரணமாக லைனில் இருவர், ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்கில் இருவர், அந்த ஓட்டை தனித்தனிக் கூட்டலைவிடப் பெரியது.

படி 7: இடமும் காற்றும் வாரமும்

சொந்த மைதானத்துக்கு இரண்டரை புள்ளி என்றேன். ஸ்ப்ரெட்டில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, இன்னொரு முறை சேர்க்காதீர்கள். மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேருக்கு இடம். பென் ஸ்டேட்டில் எல்லோரும் வெள்ளை உடுத்தி வரும் இரவு ஆட்டத்தைக் கண்டவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பத்துப் புள்ளி கொடுக்க நினைப்பார்கள். அவ்வளவு கிடையாது. வயோமிங் பல்கலைக்கழகத்தின் மைதானம் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போகும் அணிக்கு நான்காவது குவார்ட்டரில் மூச்சு வாங்கும். இப்படி ஒரு சில இடங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு புள்ளி சேர்க்கலாம்.

மழையும் பனியும் பார்க்கப் பயமுறுத்தும், ஸ்கோரைக் கெடுப்பது காற்று. மணிக்கு 15 மைலுக்கு மேல் வீசினால் நீண்ட பாஸும் நீண்ட உதையும் சிரமம். மொத்தப் புள்ளியில் சில புள்ளிகளைக் குறையுங்கள்.

வாரத்தின் வரிசையையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 28இல் அலபாமா, ஜார்ஜியாவை 41-34 என்று வென்று நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. ஒரே வாரத்தில் வாண்டர்பில்ட் அதை 40-35 என்று வீழ்த்தியது. பெரிய வெற்றிக்குப் பின் வரும் தளர்ச்சி என்று இதை எல்லோரும் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கலாம், ஆனால் நான் வேறொன்றைப் பார்க்கிறேன். வாண்டர்பில்ட் அன்று 42 நிமிடங்கள் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. மூன்றாவது டவுனில் 18 முயற்சியில் 12 வெற்றி. பந்து கிடைக்காத அணி எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் என்ன செய்யும்? மெதுவாக ஆடி, ஓட்டத்தை நம்பி, மூன்றாவது டவுனைத் தாண்டும் சிறிய அணியைக் கண்டால் ஸ்ப்ரெட்டைக் கொஞ்சம் சுருக்குங்கள்.

படி 8: ஸ்கோரைக் கட்டுங்கள்

இப்போது பேனாவை எடுக்கலாம். ஒரு சாதாரண ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 11 முதல் 13 முறை பந்து கிடைக்கும். 2023இல் முதல் டவுனுக்குப் பிறகும் கடிகாரம் ஓடும்படி விதி மாறியதால் சற்றுக் குறைந்திருக்கிறது. இரு அணிகளும் மெதுவானவை என்றால் 9 அல்லது 10. ராணுவ, கடற்படை அகாடமி அணிகள் மோதினால் அதையும்விடக் குறையலாம்.

அணிக்கு 11 டிரைவ், அதாவது 11 முறை பந்து கிடைக்கும் என்று முடிவு செய்தீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் எப்படி முடியும் என்று எழுதிப் பாருங்கள்: மூன்று டச்டவுன், இரண்டு ஃபீல்ட் கோல், ஐந்து பன்ட் (பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுப்பது), ஒரு டர்ன்ஓவர். 27 வருகிறது. எதிரணிக்கும் அதே மாதிரி. இப்படி எழுதும்போது மனசாட்சி தானாகவே விழித்துக்கொள்ளும். 45 புள்ளி எழுத ஆசைப்பட்டவர், இந்த டிஃபென்ஸுக்கு எதிராக ஆறு டச்டவுன் எங்கிருந்து வரும் என்று யோசிக்க ஆரம்பிப்பார்.

இந்த எண்ணையும் படி 2இல் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் நான்கு புள்ளிக்குள் இருந்தால் உங்களுடையதை எழுதுங்கள். பத்துப் புள்ளி இடைவெளி என்றால், அதற்கு ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். லைனில் இருவர் இல்லை, எதிரே இரண்டு மலைகள் நிற்கின்றன என்பது காரணம். இந்த வாரம் பையன்கள் வெறியோடு இருக்கிறார்கள் என்பது காரணமாகாது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான் இருப்பார்கள். ஸ்கோருக்குப் பக்கத்தில் சதவீதத்தையும் எழுதுங்கள்: 27-20, நம்பிக்கை 68.

உங்கள் சொந்த அணி ஆடும்போது எதிரணி ரசிகர் ஒருவரிடம் அவருடைய கணிப்பைக் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் எடுப்பது நல்ல வழி. அதற்காக உங்கள் அணியைக் குறைவாக நேசிக்க வேண்டியதில்லை. ஈஎஸ்பிஎன்னின் காலேஜ் கேம்டே நிகழ்ச்சியில் லீ கார்சோ 1996 முதல் 2025 ஆகஸ்டில் ஓய்வு பெறும் வரை, தான் தேர்ந்த அணியின் சின்னமான உருவத்தின் பொம்மைத் தலையைத் தூக்கி மாட்டிக்கொள்வார். மைதானத்துக்கு வெளியே நிற்கும் கூட்டம் சில நாள் கொண்டாடும், சில நாள் கூச்சல் போடும். கணிப்பு இவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று அந்த மனிதர் ஒரு தலைமுறைக்கே காட்டினார்.

படி 9: டிசம்பர் ஆட்டங்களுக்குத் தனி விதி

தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் சேராத, பருவக் கடைசியில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் மேலே சொன்ன எதுவும் முழுசாகப் பொருந்தாது. என்எஃப்எல்லுக்குப் போகிறவர்கள் விலகிவிடுவார்கள், போர்ட்டலில் பெயர் கொடுத்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், பயிற்சியாளரே வேறு ஊருக்குப் போயிருப்பார். 2023 பருவத்தின் ஆரஞ்சு பவுலில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நேர்ந்தது அதுதான். குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயத்தில், முக்கிய வீரர்கள் பலர் விலகல், ஜார்ஜியாவிடம் 63-3. இந்த ஆட்டங்களில் பருவத்தின் எண்களை மூடிவைத்துவிட்டு, யார் பஸ்ஸில் ஏறினார்கள் என்பதை மட்டும் பாருங்கள். 12 அணிகள் ஆடும் பிளேஆஃபில் எல்லோரும் ஆடுவார்கள், அங்கே பழைய படிகளே போதும்.

படி 10: ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ஆட்டம் முடிந்த மறுநாள் ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோரைத் திறந்து, டிரைவ் எண்ணிக்கை, ஓட்ட யார்டு, மூன்றாவது டவுன், டர்ன்ஓவர் ஆகிய நான்கையும் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். ஸ்கோர் தவறி, இந்த நான்கில் மூன்று சரியாக இருந்தால் உங்கள் முறை நன்றாகவே இருக்கிறது. ஒரு ஃபம்பிளோ ஒரு தவறிய உதையோ இடையில் புகுந்திருக்கிறது. ஸ்கோர் சரியாக வந்து இந்த நான்கும் தவறியிருந்தால் அதை வெற்றியாக எழுதாதீர்கள். நம்பிக்கை 70 என்று எழுதிய ஆட்டங்களை மட்டும் பருவக் கடைசியில் தனியே எண்ணுங்கள்: பத்துக்கு ஏழு வர வேண்டும். பத்துக்கு ஒன்பது வந்தால் நீங்கள் பயந்து எழுதுகிறீர்கள், ஐந்து வந்தால் மிகையாக நம்புகிறீர்கள்.

அடுத்த வாரத்துக்கு அணியின் எண்ணைத் திருத்தும்போது ஓர் ஆட்டத்துக்காக மூன்று புள்ளிக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். 2024இல் நாட்டர் டேம் இரண்டாவது வாரமே சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. அன்றிரவு அந்த அணியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டவர்கள் ஏராளம். ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றது அதே நாட்டர் டேம்.